நடைச்சுவரில் ஒரு மாடம்

சீனாவின் வடமேற்கில், பாலைவனத்தின் விளிம்பில், துன்ஹுவாங் என்ற ஊருக்கு அருகே மொகாவ் குகைகள் இருக்கின்றன. ஓவியமும் சிற்பமும் உள்ளவை மட்டும் 492. இவற்றில் 16 என்று எண்ணிடப்பட்ட குகைக்குள் போவதற்கு ஒரு நடை உண்டு, நம் பழைய வீடுகளின் ரேழி மாதிரி. நுழைகிறவனின் வலப்பக்கச் சுவரைக் குடைந்து ஒரு சிறு அறை. அறை என்பதுகூட அதிகம். பக்கத்துக்கு மூன்று மீட்டருக்கும் குறைவு. பெரிய மாடம் என்று சொல்லலாம். இதற்குத் தனியாக 17 என்று எண் கொடுத்திருக்கிறார்கள்.

மாடம் வெட்டப்பட்டது சாமான் வைக்க அல்ல. 851இல் தாங் அரசரால் அப்பகுதி பௌத்த சங்கத்தின் தலைவராக அங்கீகரிக்கப்பட்ட ஹோங்பியன் என்ற துறவியின் நினைவுக்காக. அவருடைய உருவச்சிலை உள்ளே அமர்ந்திருந்தது. பின்சுவரில் இரண்டு மரங்கள் வரையப்பட்டிருக்கின்றன. ஒரு கிளையில் அவருடைய பை தொங்குகிறது.

பிறகு ஒரு சமயம் சிலையைத் தூக்கி வேறு குகையில் வைத்துவிட்டு, மாடத்தை ஏட்டுச் சுருள்களால் தரையிலிருந்து ஏறக்குறைய கூரைவரை நிரப்பினார்கள். வாசலை அடைத்துச் சுண்ணம் பூசி, நடைச்சுவரின் மற்றப் பகுதியோடு பொருந்தும்படி போதிசத்துவர்களை வரைந்தார்கள். உள்ளே கிடைத்த தேதியிட்ட ஏடுகளில் கடைசியானது 1002ஆம் ஆண்டுக்குரியது. அடைத்தது அதற்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அதன்பின் சுமார் தொள்ளாயிரம் ஆண்டுகள் அந்த நடை வழியாக மனிதர்கள் போய்வந்தார்கள். 1900இல், நடையில் குவிந்திருந்த மணலை அப்புறப்படுத்திய வாங் யுவான்லு என்ற தாவோ மதப் பூசாரி சுவரில் ஒரு விரிசலைக் கண்டார்.

ஏன் மறைத்தார்கள்? இரண்டு பதில்கள் பிரசித்தம். ஒன்று பயம். 1006இல் கோத்தான் பௌத்த அரசு காராகானியரிடம் வீழ்ந்தது. 1030களில் தாங்குத்துகள் துன்ஹுவாங்கையே பிடித்தார்கள். படை வருமுன் பொக்கிஷத்தைப் பூட்டினார்கள் என்பது இந்தக் கட்சி. மற்றது ஆரல் ஸ்டைன் சொன்னது: இது புனிதக் குப்பை. பயன் தீர்ந்த, ஆனால் எறியக்கூடாத ஏடுகளின் கிடங்கு.

இரண்டாவது நமக்கு உடனே புரியும். பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள் நாம். கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு உ.வே.சாமிநாதையர் கலங்கிய செய்தி அவருடைய சரித்திரத்தில் இருக்கிறது. ஆனால் மரியாதையோடு அழிப்பதற்கு நம்மிடம் விதி இருந்தது. அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை. துன்ஹுவாங்கில் அழிக்கவில்லை, அடைத்தார்கள். வித்தியாசம் சிறியதல்ல.

எனக்கு இரண்டு பதில்களுமே திருப்தி தரவில்லை. பொக்கிஷம், குப்பை என்ற இரண்டும் பின்னால் வந்த நாம் ஒட்டிய சீட்டுகள். இன்னொரு தகவல் இருக்கிறது. 934இல் சான்ஜி மடத்தைச் சேர்ந்த தாவோஜென் என்ற துறவி, தம் மடத்துச் சூத்திரங்களில் குறைப்பட்டவற்றைச் செப்பனிடுவதற்காகப் பல இடங்களிலிருந்து கிழிந்த பழைய ஏடுகளைத் திரட்டினார். கிடைத்தவற்றில் பலவும் முதலோ முடிவோ இல்லாதவையாக இருப்பது இதோடு பொருந்துகிறது. ஒட்டுப்போட வைத்திருந்த கந்தல். எப்போதாவது உதவும் என்று பரணில் போடுகிறோமே, அந்த மனநிலை. படை பயம் கடைசி நேரத்தில் சேர்ந்திருக்கலாம். ஆனால் சேர்த்து வைத்தது பயமல்ல, தீர்மானிக்க முடியாமை.

இந்தத் தீர்மானமின்மைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. சூத்திரங்களோடு கூடவே காகிதத்தின் மறுபக்கங்களும் வந்து சேர்ந்தன. மடத்துக் களஞ்சியத்திலிருந்து வசந்தத்தில் வாங்கிய தானியத்தை அறுவடைக்குப் பின் திருப்புவதாக எழுதிய கடன் பத்திரங்கள். எழுதத் தெரியாதவன் காகிதத்தில் விரலை வைத்துக் கணுக்களைக் கோடிட்டுக் குறித்திருக்கிறான், நம் கைநாட்டைப் போல. மாணவர்கள் எழுதிப் பழகிய தாள்கள். ஹீப்ருவில் ஒரு பிரார்த்தனை. நேற்று விருந்தில் குடித்துவிட்டு அநாகரிகமாக நடந்துகொண்டதற்கு விருந்தளித்தவரிடம் மன்னிப்புக் கேட்கும் மாதிரிக் கடிதம் ஒன்று. 856ஆம் ஆண்டுப் பிரதி. பெயரை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். இதை எந்த இலக்கிய ரசனை காப்பாற்றியிருக்கும்?

மாடம் திறந்தபின் நடந்தது வேறு கதை. 1904இல் மாகாண நிர்வாகம் ஏடுகளை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டச் சொன்னது, கொண்டுவரச் செலவாகுமாம். 1907இல் ஸ்டைன் வந்தார். சீன மொழி படிக்கத் தெரியாது. உதவியாளரின் துணையோடு கட்டுக்கட்டாக வாங்கினார், 24 பெட்டி ஏடுகள், 5 பெட்டி ஓவியங்களும் பிறவும், சுமார் 130 பவுனுக்கு. சீனர்கள் இதைக் கொள்ளை என்கிறார்கள். எனக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை. 1908இல் பிரெஞ்சுக்காரர் பால் பெல்லியோ. இவர் படிக்கத் தெரிந்தவர். மூன்று வாரம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாடத்துக்குள் குந்தி, ஒரு நாளைக்கு ஆயிரம் சுருள்வரை புரட்டித் தேர்ந்தெடுத்தார். மிச்சம் 1910இல் பீக்கிங் போயிற்று, வழியில் களவு போனது போக.

விமர்சகன் என்ற முறையில் என் அனுதாபம் பெல்லியோ பக்கம் போக வேண்டும். தேர்வுதான் நம் தொழில். ஆனால் தேதியிட்ட அச்சுப் புத்தகங்களில் கிடைத்தவற்றுள் பழையதான 868ஆம் ஆண்டு வஜ்ர சூத்திரமும், அந்தக் குடிகாரனின் கடிதமும், படிக்கத் தெரியாத ஸ்டைனின் மூட்டையில்தான் போயின.

வங்கியில் கெடு முடிந்த லெட்ஜர்களை அழிக்கப் பட்டியல் போடுவது என் வேலைகளில் ஒன்று. சென்ற முறை ஒரு பழைய நகைக்கடன் லெட்ஜரின் ஓரத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பென்சிலால் எழுதியிருந்த நான்கு வரிகளைப் பார்த்தேன். கவிதை என்றுதான் எண்ணி எழுதியிருக்க வேண்டும். மோசமான வரிகள். நான் விமர்சகன், ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. பட்டியலில் கையெழுத்திட்டேன், லெட்ஜர் போயிற்று. இப்போது அந்த நான்கில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அது மோசமானது என்ற என் தீர்ப்பு மட்டும் இருக்கிறது. சரிபார்க்க இனி ஒன்றுமில்லை.

இந்தப் பக்கங்களில் நானும் நண்பர்களும் எது நிற்கும், எது போகும் என்று நிச்சயமாக எழுதிவருகிறோம். தொடர்ந்து எழுதுவோம். நம் தீர்ப்புக்குத் தப்பியதைப் போட்டுவைக்க நடையில் ஒரு மாடத்தையும் விட்டுவைப்பது நல்லது.