வீட்டு நினைவும் நாட்டு வரலாறும்

விடுதலைக்கு முந்திய வரலாறு பெரும்பாலும் மாநாடுகளையும் தீர்மானங்களையும் சான்றாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஆனால் அக்காலத்தில் பொதுத்தொண்டில் ஈடுபட்ட பெண்கள் தம் வாழ்வை நினைவுகூரும்போது மேடையிலிருந்து தொடங்குவதில்லை, வீட்டிலிருந்தே தொடங்குகின்றனர். அவர்தம் தொண்டின் வேர் வீட்டில் பட்ட காயத்திலும், அங்கே கிடைத்த பரிவிலும் இருந்தது. சென்னை மாகாணத்துப் பெண்கள் நால்வர் இதற்குச் சான்றாவர்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, பருவமெய்திய பின் வீட்டிலிருந்தே கற்றார். தந்தை நாராயணசாமி அவருக்குக் கல்வியில் துணைநின்றார். 1904இல் மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். வகுப்பில் திரைக்கு அப்பால் அமர்ந்து கற்ற அம்மாணவி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பின்னாளில் சட்டமன்றத்தில் அம்முறையை ஒழிக்க முத்துலட்சுமி வாதாடியபோது, அவர் பேசியது ஏட்டிலே படித்த செய்தியை அன்று. தம் வீட்டார் அறிந்த துயரத்தை. தம் வாழ்வை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூல் 1964இல் வெளிவந்தது.

அதே 1886இல் பிறந்த சுப்புலட்சுமி, சிறுமியாக இருந்தபோதே கைம்பெண்ணானார். ஊராரின் ஏச்சைப் பொருட்படுத்தாது தந்தை அவரைப் படிக்க வைத்தார். கைம்மையின் துயரை அறிந்த சித்தி வாலாம்பாள் உறுதுணையாக இருந்தார். 1911இல் பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, மறு ஆண்டிலேயே இளங்கைம்பெண்களுக்கான இல்லத்தை எழும்பூரில் தொடங்கினார். பின்னர் அது கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸில் இயங்கியது. அவ்வில்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை. சாதிவாரியான விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசி மரபுச் சிறுமியர் 1930இல் முத்துலட்சுமியின் வீட்டு வாசலில் வந்து நின்றனர். அவர்களுக்காகத் தோன்றியதே அவ்வை இல்லம். ஒரு கதவு திறக்கும்போதே இன்னொரு கதவு மூடியிருந்த காலம் அது. சகோதரி சுப்புலட்சுமியின் நினைவுகள் மோனிகா ஃபெல்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி கேட்டெழுதியதால் 1966இல் நூலாயின.

அம்புஜம்மாளின் நிலை வேறு. காங்கிரசுத் தலைவராக விளங்கிய எஸ். சீனிவாச அய்யங்காரின் மகள் அவர். செல்வம் நிறைந்த அவ்வீட்டில் ஆசிரியர்கள் இல்லத்துக்கே வந்து கற்பித்தனர். வசதி இருந்தும் வெளியுலகம் எட்டாதிருந்த அப்பெண், 1932இல் அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அவர் தம் நினைவுகளைத் தமிழிலேயே ‘நான் கண்ட பாரதம்’ என எழுதியது நம் மொழிக்குக் கிடைத்த பேறு.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்கோ கல்லூரியும் இல்லை, செல்வமும் இல்லை. தாசி குலத்தாரிடம் வளர்ந்த அவர், தாம் கண்டறிந்த வாழ்வை ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினமாக 1936இல் வெளியிட்டார். தன்வரலாறாகச் சொல்லத் தயங்க வேண்டியதையும் கதையாகச் சொல்ல இயலும் என்பதை அந்நூல் காட்டிற்று. 1938இல் இந்தி எதிர்ப்புப் படையுடன் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த கால்கள் அவருடையவை.

ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார், ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதினார், ஒருவர் தமிழில் எழுதினார், ஒருவர் கதையாக்கினார். நினைவு ஒவ்வொருவரிடமும் தனக்கேற்ற கலத்தைத் தேடிக் கொண்டது. 1947இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. முன்னதை ஏடுகள் விரிவாகப் பேசுகின்றன. பின்னதன் முழுப் பொருளை உணர, பெண்களின் நினைவுகளையே நாட வேண்டியுள்ளது.

எழுதுகோல் கிட்டாத சித்திமாரும் அன்னையரும் எத்தனையோ பேர். வாலாம்பாளின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் வளர்த்த பெண் அவரை மறவாது சொன்னதும், அதை ஒருவர் கேட்டு எழுதியதுமே. வீட்டுக் கூடத்தில் முதியவள் சொல்லும் பழங்கதையைப் பொறுமையுடன் கேட்பதும் குறித்துவைப்பதும் இலக்கியப் பணியே. கேட்பார் இல்லையெனில் அவளுடன் ஒரு வரலாறும் மறையும்.