கணினிக்குள் ஒரு கிராணி



அந்தக் காலத்துப் பெரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். துரை ஆங்கிலத்தில் சொல்லுவார். கிராணி அதை வாங்கித் தமிழிலே எடுத்துச் சொல்லுவார். நடுவிலே கிராணி இல்லையென்றால் வேலை ஓடாது. கணினிக்குள்ளும் இப்படி ஒரு கிராணி உண்டு. அதன் பெயர் சிக்வின்.

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையை ஆக்கத் தொடங்கினர். பல்கலைக்கழகங்களில் அதற்கென எண்ணற்ற நிரல்கள் எழுதப்பட்டன. ஆனால் நம் மேசை மேல் வந்து உட்கார்ந்ததோ விண்டோஸ். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தின் ஸ்டீவ் சேம்பர்லேன் இரண்டுக்கும் நடுவே சிக்வினை அமைத்தார். யூனிக்ஸ் நிரலின் மூலத்தை அதனோடு சேர்த்துத் தொகுத்தால் விண்டோஸிலும் ஓடும். சிக்வினின் மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தமும் எழுதி அனுப்பலாம்.

ஆனால் இந்தக் கிராணிக்கு ஒரு குறை இருந்தது. விண்டோஸ் வைத்திருந்த பழைய எழுத்துப் பட்டியல்களைத்தான் அவர் பார்ப்பார். அவற்றில் தமிழுக்கு இடமே இல்லை. 'கமலா' என்று தமிழில் பெயரிட்ட கோப்பை அவரால் திறக்கக்கூட முடியாது.

இத்தனைக்கும் தமிழ் 1991-லேயே யூனிகோடில் ஏறிவிட்டது. 1992-இல் அதே கென் தாம்சன், ராப் பைக்குடன் உணவுக்கடையில் இருந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளிலே யூடிஎஃப்-8 என்ற முறையை எழுதினார். அம்முறையில் 'கமலா' 12 பைட்டுகள் ஆகும். 2009 டிசம்பரில் வந்த சிக்வின் 1.7-இல்தான் மூலநிரலைத் திருத்தி யூடிஎஃப்-8-ஐ இயல்பாக்கினார்கள். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றைக் கைவிட்டார்கள். அன்றுதான் கமலாவுக்குக் கதவு திறந்தது.

செக்ரோலில் யாரோ பெயரைத் தப்பாக எழுத, அதையே ஆயுசுக்கும் சுமந்தவர்கள் நம்மிலே உண்டு. ஏட்டைத் திருத்தச் சொல்ல அன்று நமக்கு வாய் இல்லை. இந்த ஏடோ திறந்தே கிடக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கிக் கணினியில் தமிழை எழுத வைத்தார். அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

மாணவர்களே! கிராணிக்கு நம் பெயர் எழுதத் தெரியாவிட்டால் குற்றம் பெயரில் இல்லை, ஏட்டில்தான். பெயரை மாற்றாதீர்கள், ஏட்டைத் திருத்தப் படியுங்கள்.

வாழ்க தமிழ்!