வாகனப் பணிமனைகளில் வைரஸ் தொற்று: பரவும் வழியும் தடுப்பு முறையும்

பழுதுபார்க்க வரும் வாகனத்திலிருந்து தொழிலாளரை வைரஸ் மூன்று வழிகளில் எட்டலாம்: உள்ளே தேங்கிய காற்று, பலர் கைபட்ட பரப்புகள், படிந்திருக்கும் இரத்தம் முதலான உடல் திரவங்கள். கோவிட் காலத்தில் பணிமனைகளின் கவனம் பெரும்பாலும் இரண்டாவதன் மீதே குவிந்தது. ஸ்டியரிங், கியர், கதவுப்பிடி, சாவி எல்லாம் ஓயாமல் துடைக்கப்பட்டன. அந்த உழைப்பில் பெரும்பகுதி வேறிடத்தில் செலவாகியிருக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கின் மீது கொரோனா வைரஸ் 72 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்ற ஆய்வு முடிவு 2020 மார்ச்சில் வெளியானது. அச்சத்தை வளர்த்தது இந்த எண். அதே ஆய்வின்படி வைரஸின் அளவு ஏறக்குறைய 7 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. இரண்டு நாள் சும்மா நின்ற வண்டியில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது.

காற்றின் கதை வேறு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்காற்றையே சுழற்றும் ஏ.சி.யோடு உரிமையாளரும் மெக்கானிக்கும் ஓட்டிப் பார்க்கச் செல்லும் சில நிமிடங்களே கூடுதல் ஆபத்தானவை. குறையை வெளியில் நின்று கேட்பது, கதவுகளைத் திறந்துவைத்த பிறகு ஏறுவது, ஓடும்போது கண்ணாடிகளை இறக்குவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. வெப்பத்துக்கும் பயன் உண்டு. 2020இல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்கக் காவல்துறை வாகனங்களின் உட்புறத்தை 56 டிகிரி செல்சியஸுக்கு மேல் 15 நிமிடம் சூடாக்கும் மென்பொருளை வழங்கியது. வெயிலில் நிறுத்திய வண்டியும் கொதிக்கும்தான். ஆனால் இருக்கைக்கு அடியிலும் அதே சூடு எட்டும் என்று நம்ப இடமில்லை.

துடைப்பது உண்மையிலேயே தேவைப்படும் இடம் விபத்து வண்டி; அங்கேதான் அலட்சியமும் மிகுதி. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். நொறுங்கிய கண்ணாடியை வெறுங்கையால் அள்ளும் டிங்கரிங் தொழிலாளிக்கு ஒரு கீறல் போதும். துண்டுகளை இடுக்கியால் எடுக்க வேண்டும்; வெட்டுத் தாங்கும் கையுறைக்குள் நீர்புகாத கையுறையும் வேண்டும். இரத்தத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, 0.5 சதவீதக் குளோரின் கரைசலில் 10 நிமிடம் ஊறவிட்டு, பிறகு நீரால் துடைக்க வேண்டும். இல்லையேல் உலோகம் அரிக்கும். இக்கரைசலோடு ஆசிட் கலந்தால் நச்சுவாயு கிளம்பும் என்பதால் மூடிய கேபினுக்குள் கூடுதல் எச்சரிக்கை தேவை. வாந்தி படிந்த வாடகைக் காருக்கும் குளோரினே பொருந்தும். வாந்தியில் இருக்கக்கூடிய நோரோவைரஸிடம் ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இந்தியக் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் நாடு முழுவதும் விரிந்தது 2011இல்தான். அதற்கு முன் பிறந்த தொழிலாளர் பலருக்கு அது கிடைத்திருக்காது. எனவே விபத்து வண்டிகளை ஏற்கும் பணிமனை, ஆறு மாதத்தில் முடியும் மூன்று தவணைகளைத் தன் செலவில் போடுவதே முறை. தடுப்பூசி போடாதவர் கையைக் கீறிக்கொண்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்றாக வேண்டும்.