அப்பா விட்டுப் போன கன்னாபின்னா

வங்காளி நண்பர் யாரிடமாவது 'ஆபோல் தாபோல்' என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை வாராக்கடன் பட்டியலை முறைத்துக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று சிரித்து, நாலு வரி ஒப்பிப்பார். ஓய்வு பெற்றவரும் ஒப்பிப்பார், ஒண்ணாம் வகுப்புப் பேரனும் ஒப்பிப்பான். கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் என்றால், உங்கள் பிள்ளையே பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து உங்களிடம் ஒப்பித்திருக்கும்.

'ஆபோல் தாபோல்' என்றால் ஏறக்குறைய நம்ம ஊர் 'கன்னாபின்னா'. 1923-ல் வெளிவந்த குழந்தைப் பாட்டுப் புத்தகம். பாட்டும் படமும் ஒரே ஆள்: சுகுமார் ராய். சத்யஜித் ரேயின் அப்பா என்றால் நமக்குச் சட்டென்று புரியும். (ராய், ரே எல்லாம் ஒன்றுதான். தமிழில் பழகிவிட்டதால் மகனை ரே என்றே எழுதுகிறேன்.)

அப்பாவும் குழந்தையும் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கிற படப் புத்தகங்கள் இப்போது கடை கடையாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்தில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக இதுவே தொழிலாகவும் சொத்தாகவும் இருந்ததற்கு எனக்குத் தெரிந்து இந்தக் குடும்பம் மாதிரி இன்னொன்று இல்லை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

தாத்தாவிலிருந்து ஆரம்பிப்போம். உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி 1863-ல் மைமன்சிங் பக்கம் (இன்றைய வங்கதேசம்) பிறந்தவர். ஓவியம் வரைவார், வயலின் வாசிப்பார், எழுதுவார். ஆறு குழந்தைகள். குழந்தைகளுக்காக ராமாயணம் எழுதிப் படமும் வரைந்து அச்சுக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் படம் அச்சாக வேண்டுமென்றால் மரக்கட்டையில் செதுக்க வேண்டும். செதுக்கியவர் கைவண்ணத்தில் படங்கள் பாழாகிப் போயின.

நாமாக இருந்தால் அச்சகக்காரரோடு சண்டை போட்டுவிட்டு விட்டுவிடுவோம். அவர் இங்கிலாந்திலிருந்து கேமராவும் கருவிகளும் தருவித்து, 1895-ல் தானே பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கிவிட்டார். 'ஹாஃப்டோன்' என்பது அந்த முறையின் பெயர். படத்தின் சாம்பல் நிறங்களையெல்லாம் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக உடைத்து அச்சிடுவது. பழைய செய்தித்தாள் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அதுதான். இதில் அவர் செய்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் இங்கிலாந்தின் 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் வெளிவந்தன. குழந்தைப் புத்தகத்தில் படம் நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில் தொடங்கியது, உலகத் தரத்துக்குப் போய் நின்றது. 'யு. ராய் அண்ட் சன்ஸ்' என்ற நிறுவனமும் பிறந்தது.

எதுகைப் பாட்டும் படமும் சேர்ந்த புத்தகத்துக்கு வங்காளத்தில் அப்போதே ருசி வந்துவிட்டது. 1897-ல் ஜோகீந்திரநாத் சர்க்கார் 'ஹாஸி குஷி' என்ற அரிச்சுவடியைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பாட்டு, ஒரு படம். பிரம்பு இல்லாமல் எழுத்து கற்றுக்கொடுத்த புத்தகம். 1913-ல் உபேந்திரகிஷோர் 'சந்தேஷ்' என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் செய்தி, இனிப்புக்கும் அதே பெயர். இதழின் பெயரிலேயே விளையாட்டு!

சுகுமார் 1887-ல் பிறந்தவர். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் ஆனர்ஸ். படிக்கும் காலத்திலேயே 'நான்சென்ஸ் கிளப்' என்று ஒரு சங்கம் நடத்தியவர். 1911-ல் கல்வி உதவித்தொகையில் இங்கிலாந்து போய் லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத் தொழில்நுட்பம் படித்து, 1913-ல் திரும்பினார். 1915-ல் அப்பா மறைந்தார். அச்சகம், இதழ், குடும்பம் மூன்றும் இவர் தலையில். மாதாமாதம் சந்தேஷின் பக்கங்களை நிரப்பியாக வேண்டும். அப்படி நிரப்பியவைதான் பின்னால் ஆபோல் தாபோல் ஆயின.

என்ன இருக்கிறது அதில்? ஹெட் ஆபீஸ் பெரிய பாபு ஒருவர், சாதுவான மனிதர், திடீரென்று எழுந்து தன் மீசையை யாரோ திருடிவிட்டார்கள் என்று கத்துகிறார். கண்ணாடியைக் காட்டினாலும் நம்புவதில்லை. இவ்வளவு கேவலமான மீசை என்னுடையதா என்று சண்டைக்கு வருகிறார். (எங்கள் தலைமை அலுவலகத்தில் நான் பார்க்காத ஆளா! :-) ) இன்னொரு பாட்டில் கிச்சுகிச்சுக் கிழவர். சிரிப்பே வராத கதையைச் சொல்லிவிட்டு, சிரிக்காவிட்டால் விரலை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். அந்தப் பக்கத்தைப் படிக்கிற எந்த அப்பாவுக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேறொரு பாட்டில் ஒரு தேசத்துச் சட்டம்: வழுக்கி விழுந்தால்கூட போலீஸ் பிடித்து 21 ரூபாய் அபராதம் போடும். எழுதியது வெள்ளைக்காரன் ஆட்சியில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு பிராணிகளைக் கலந்து ஒட்டும் பாட்டு. வங்காளியில் 'ஹாஞ்ஸ்' வாத்து, 'ஷஜாரு' முள்ளம்பன்றி, சேர்த்தால் ஹாஞ்ஸ்ஜாரு. தமிழில் வாத்தம்பன்றி என்று வைத்துக்கொள்ளலாம். 'ஹாத்தி' யானை, 'திமி' திமிங்கலம் (நம் திமிங்கலத்தின் திமியேதான்), சேர்த்தால் ஹாத்திமி. பாவம், திமிப் பாதி தண்ணீருக்குப் போக வேண்டும் என்கிறது, யானைப் பாதி காட்டுக்குப் போகலாம் என்கிறது. வீட்டில் தமிழும் தெருவில் வங்காளியும் வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பிராணியைப் படம் போட்டு விளக்கவே வேண்டாம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தமிழில் ஓசை பெரும்பாலும் வரியின் தலையில் இருக்கிறது. எதுகையும் மோனையும் முதல் சீரில் விழும். வங்காளிப் பாட்டில் ஓசை வரியின் வாலில் வந்து விழுகிறது, நம் இலக்கணம் இயைபு என்று சொல்கிறதே அது. வரி எங்கே போய் முடியப் போகிறது என்று குழந்தை காத்திருக்கும். அப்பா கடைசிச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினால் போதும், குழந்தை தானே முடித்துவிடும். அர்த்தம் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை.

இனி வருத்தமான பகுதி. 1921 மே 2-ல் சத்யஜித் பிறந்தார். அதே ஆண்டு சுகுமாருக்குக் காலா அசார் காய்ச்சல் வந்தது. மணல் ஈ கடித்துப் பரவும் நோய். மண்ணீரல் வீங்கி, ரத்தம் குறைந்து, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதற்கான யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை இதே கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற மருத்துவர் அந்தச் சமயத்தில்தான் கண்டுபிடித்திருந்தார். அது பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது.

சுமார் இரண்டரை ஆண்டு படுக்கை. படுத்தபடியே படம் வரைந்தார், எழுதினார், ஆபோல் தாபோலின் பக்க அமைப்பைத் தயார் செய்தார். புத்தகத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் சிரிப்புக்கு நடுவே தூக்கம் கண்ணைக் கட்டுகிற மாதிரி ஒரு சாயல் வரும். வங்காளிகள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 1923 செப்டம்பர் 10-ல் சுகுமார் காலமானார். வயது 35. செப்டம்பர் 19-ல் புத்தகம் வெளிவந்தது. ஒன்பது நாள். அச்சான பிரதியை அவர் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

மகனுக்கு அப்போது இரண்டேகால் வயது. தன் பால்ய நினைவுகளை எழுதியபோது, அப்பாவோடு தனக்கு இருக்கும் ஞாபகமாக ரே சொல்வது ஒரு துளிக் காட்சிதான். கங்கைக் கரையில் ஒரு வீடு. அப்பா ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருக்கிறார். கப்பல் போகிறது என்று பையனுக்குச் சொல்கிறார். பையன் ஓடிப்போய்ப் பார்க்கிறான், ஒரு நீராவிப் படகு ஊதிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான்.

அச்சகம் அதே வீட்டில்தான். கார்பார் சாலை 100-ஆம் எண் வீடு. பையன் எதையாவது கிறுக்கி எடுத்துக்கொண்டு போய், இது சந்தேஷில் வர வேண்டும் என்பானாம். பிளாக் பிரிவுத் தொழிலாளி மறுக்காமல் வாங்கி, அவனைத் தூக்கி, பெரிய கேமராவின் கண்ணாடியில் அந்தப் படம் தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவாராம். பின்னாளில் உலகமே பார்த்த அந்தக் கண்ணுக்கு முதல் கேமரா அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது எங்கள் தொழிலுக்குத் தெரிந்த கதை. நடத்த வேண்டியவர் போய்விட்டார், கடன் நின்றது. சில ஆண்டுகளில் நிறுவனம் திவாலானது. அச்சகம் போனது, வீடு போனது. (அந்தக் கட்டிடம் பின்னர் பள்ளிக்கூடமானது.) அம்மா சுப்ரபா பையனைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போனார், விதவைப் பெண்களுக்குத் தையலும் கைவேலையும் கற்றுக்கொடுத்து மகனை வளர்த்தார். கணக்குப் புத்தகத்தின்படி அந்தப் பையனுக்கு அப்பா வழிச் சொத்து பூஜ்யம்.

ஆனால் புத்தகம் இருந்தது. 1943-ல் மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்த ரே, சிக்னெட் பிரஸ் பதிப்பகத்துக்கும் அட்டைகள் வரைந்தார். அந்தப் பதிப்பகம் அப்பாவின் நூல்களையும் வெளியிட்டது. 1961-ல், திரைப்படத்தில் பெரிய பெயர் வாங்கிய பிறகு, நின்றுபோயிருந்த சந்தேஷை கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மறுபடி தொடங்கினார். 1970-ல் ஆபோல் தாபோல் பாட்டுகள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1987-ல் அப்பாவின் நூற்றாண்டுக்கு ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

நடுவில், சின்னப் பையனாக இருந்த மகன் சந்தீப், எங்களுக்கும் ஒரு படம் எடுங்கள் என்று கேட்டதால், தாத்தா உபேந்திரகிஷோரின் கதையை எடுத்து 'கூப்பி காயேன் பாகா பாயேன்' (1969) செய்தார். அதன் தொடர்ச்சியான 'ஹீரக் ராஜார் தேஷே' (1980) படத்தில் ராஜா, மந்திரி எல்லாரும் பாட்டு மாதிரி எதுகையிலேயே பேசுவார்கள். அடங்காத வாத்தியார் ஒருவர் மட்டும் சாதாரணமாகப் பேசுவார். அபத்தமான சட்டம் போடும் அந்த ராஜாவைப் பார்த்தால் 21 ரூபாய் அபராதத் தேசம் ஞாபகம் வராமல் போகாது. இரண்டேகால் வயதில் விட்டுப்போன அப்பாவோடு அந்த மனிதர் ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே காலத்தில் நடந்தது. இங்கிலாந்தில் ஏ.ஏ. மில்ன், 1920-ல் பிறந்த தன் மகன் கிறிஸ்டோபர் ராபினை வைத்து, 1924-ல் எதுகைப் பாட்டுப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். ஷெப்பர்டின் படங்களோடு சக்கைப்போடு போட்டது. அந்த மகனோ பள்ளியில் தன் பெயரே கேலியாகி, வளர்ந்த பிறகு அந்த மனக்குறையைத் தன் வாழ்க்கை நூலில் (1974) எழுதினார். அப்பா பக்கத்தில் இருந்தும் சிறு வயதில் தன்னோடு நெருக்கமாக இருந்தது தாதிதான் என்றும் அதில் சொல்கிறார். பாட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, வீட்டுக்குள் சிக்கிக்கொண்டது.

இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: புத்தகம் அப்பாவைப் பற்றியதா, பிள்ளையைப் பற்றியதா என்பது பெரிய விஷயம் இல்லை. ஆபோல் தாபோலில் சத்யஜித்தின் பெயர் எங்கும் நாயகனாக வரவில்லை. மீசை பாபுவும் கிச்சுகிச்சுக் கிழவரும் யாருக்கும் சொந்தம். அதனால்தான் நூறு வருஷமாக எந்த அப்பா வேண்டுமானாலும் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொள்ள முடிகிறது. தில்லியிலும் மும்பையிலும் குடியேறிய வங்காளிகள் பெட்டியில் இதை வைத்துக்கொண்டு போவதும் அதற்காகத்தான்.

நம்மிடம் இல்லாததா? குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) நீண்ட காலம் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். பகலில் பேரேடு, மிச்ச நேரத்தில் குழந்தைப் பாட்டு. வங்கி வேலைக்கும் இதற்கும் நேரம் ஒத்துவராது என்று சொல்ல எங்கள் வர்க்கத்துக்கு வாயில்லாமல் செய்துவிட்டார் மனிதர் :-)

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து பிடிபட நாளாகலாம். ஓசை அப்படி இல்லை, மடியில் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்து எட்டரைக்கு வீடு திரும்பும் அப்பாவிடம் அந்தப் பத்து நிமிஷம் இருக்கும். அச்சடித்த பாட்டு இல்லாவிட்டால் நீங்களே ஒரு வாத்தம்பன்றியைச் செய்துகொள்ளுங்கள். வால் குழந்தை பொறுப்பு.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது கன்னாபின்னா பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சேர்த்து வைப்போம்.