விரலின் பாரத்தை இறக்கியவர்

1832ஆம் ஆண்டு. தென் பிரான்ஸின் துலூஸ் நகருக்கு வந்திருந்த இத்தாலிய இசைமேதை ரொஸ்ஸீனியின் கவனத்தை ஒரு புதுக் கருவி ஈர்த்தது. துருத்திக் காற்றால் உலோக நாக்குகளை அதிரவைக்கும் பெட்டி அது. நம் பஜனை மடத்து ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா முறை என்று சொல்லலாம். ஆர்மோனியம் என்ற பெயரில் பாரிஸில் ஒருவர் காப்புரிமை வாங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். பெட்டியைச் செய்தவருக்கு வயது 21. அவரைப் பாரிஸுக்குப் போகச் சொன்னார் ரொஸ்ஸீனி.

அந்த இளைஞர் அரிஸ்தீத் கவாயே-கோல். 1811இல் மோன்பெலியேயில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் தேவாலயங்களுக்கு ஆர்கன் செய்து பிழைத்தவர்கள். 1833இல் அவர் பாரிஸ் வந்து சேர்ந்தபோது, பிரெஞ்சு மன்னர்கள் அடக்கம் செய்யப்பட்ட சென்-தெனி பேராலயத்துக்குப் புதிய ஆர்கன் செய்யப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கெடு முடியச் சில நாட்களே பாக்கி. ஊரில் பெயர்போன பட்டறைக்காரர்கள் களத்தில் இருந்தார்கள். இவர் உட்கார்ந்து வரைபடமும் கணக்கும் போட்டுக் கொடுத்தார். வேலை இவருக்குக் கிடைத்தது.

அங்கே அவருக்காகக் காத்திருந்த சிக்கலைப் புரிந்துகொண்டால்தான் அவர் செய்த காரியத்தின் அருமை விளங்கும். நாதஸ்வரக்காரர் ஒரே குழலில் விரலாலும் உதட்டாலும் எல்லா ஸ்வரங்களையும் எடுத்துவிடுவார். பைப் ஆர்கனில் அது நடக்காது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிக் குழல். ஒவ்வொரு நாதத்துக்கும் தனிக் குழல் வரிசை. கட்டையை அழுத்தினால் மெல்லிய மரச் சட்டங்கள் இழுபட்டு, எங்கோ உள்ளே இருக்கும் வால்வு திறக்கும். அந்த வால்வைக் காற்று அழுத்தி மூடி வைத்திருக்கிறது. கருவி பெரிதாகி, பல கட்டை வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது, ஒரே விரல் பல வால்வுகளைத் திறந்தாக வேண்டும். வாசிப்பவர் இசையை மறந்து பாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இதற்கு வழி கண்டவர் சார்ல்ஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர். கட்டைக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சிறு துருத்தி வைத்தார். விரல் அந்தத் துருத்திக்குள் காற்றை விட்டால் போதும். உப்பும் துருத்தியே மற்ற பாரத்தை இழுத்துவிடும். அவர் நாட்டில் இதை ஏற்க ஆள் இல்லை. கவாயே-கோல் ஏற்றார். 1841இல் சென்-தெனியில் ஆர்கன் முழங்கியபோது அதற்குள் பார்க்கரின் துருத்திகள் இருந்தன. பிறர் கண்டுபிடித்ததைத் தயங்காமல் ஏற்று, அதற்கு உரிய இடத்தைத் தன் கருவியில் கொடுத்த அந்த மனதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தன் சொந்த யோசனைகளையும் அவர் சேர்த்தார். மேல் ஸ்தாயிக் குழல்கள் மெலிந்து ஒலிக்கும் குறையைப் போக்க, அவற்றுக்கு மட்டும் கூடுதல் அழுத்தத்தில் காற்று கொடுத்தார். வழக்கத்தைவிட இரு மடங்கு நீளத்தில் குழல் செய்து, நடுவில் சிறு துளையிட்டு, புல்லாங்குழல் நாதத்தைத் திரட்சியாக்கினார்.

அவருடைய உச்சம் பாரிஸின் சென்-சுல்பீஸ் தேவாலயத்தில் 1862இல் முடித்த ஆர்கன். ஐந்து கட்டை வரிசைகள், குழல் வரிசைகளைத் திறந்து மூடும் 100 ஸ்டாப்புகள். அங்கே 1781இல் க்ளிக்கோ என்ற கைவினைஞர் செய்த ஆர்கன் இருந்தது. பழசு என்று தூக்கி எறியாமல், அதன் குழல்களில் பலவற்றைப் புதுக் கருவிக்குள் சேர்த்துக்கொண்டார். மூத்த கைவினைஞருக்கு இதைவிட நல்ல மரியாதை வேறென்ன?

1870இல் அந்த ஆர்கனை வாசிக்க வந்த இளைஞர் விதோர், 1933 வரை அங்கேயே இருந்தார். அவரைப் பரிந்துரைத்தவரும் கவாயே-கோல்தான். வாத்தியக் குழுவுக்குரிய சிம்பொனி வடிவத்தை விதோர் தனியொரு ஆர்கனுக்கு எழுதினார். சென்-க்ளோத்தீல் தேவாலயத்தில் கவாயே-கோல் செய்த ஆர்கனில் அமர்ந்து இசையமைப்பாளர் செசார் ஃப்ராங்க் தன் இசையை எழுதினார். இசை வரலாறு இயற்றியவர்களின் பெயரையே முன்னே வைக்கிறது. இந்தக் கருவிகள் இல்லையென்றால் அந்த இசை பிறந்தே இருக்காது என்பது என் துணிபு.

சுமார் 500 ஆர்கன்கள் செய்தும் அவர் கையில் காசு தங்கவில்லை. ரோமின் புனித பேதுரு பேராலயத்துக்கு அவர் வரைந்த மாபெரும் ஆர்கன் திட்டமாகவே நின்றுபோனது. கடன் நெருக்க, 1898இல் பட்டறை சார்ல்ஸ் முத்தேன் என்ற ஆர்கன் கைவினைஞரின் கைக்குப் போயிற்று. மறு ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர் தாம் பேராலயம் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கவாயே-கோல் 1868இல் புதுப்பித்துக் கட்டிய பெரிய ஆர்கனை நெருப்பு தீண்டவில்லை. ஈயத் தூசிதான் படிந்தது. சுமார் 8,000 குழல்களில் பெரும்பாலானவற்றை இறக்கித் துடைத்து மீண்டும் ஏற்றினார்கள். 2024 டிசம்பர் 7 அன்று பேராலயம் திறக்கப்பட்டபோது அது மறுபடி ஒலித்தது.