கையெழுத்துப் போடப் பயந்த காலம்



சீசனுக்குக் குற்றாலம் வந்த பழைய மாணவர் ஒருவர், குளித்துவிட்டுத் தென்காசியில் நம் வீட்டுக்கும் வந்தார். இப்போது வங்கி மேலாளர். "அதட்டினால்தான் சார் வேலை நடக்குது" என்றார். வாத்தியார்களும் இதைத்தான் சொல்வார்கள்! அவரிடம் சொன்ன இந்தியன் வங்கி வரலாற்றை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1906இல் சென்னையில் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலானது. அதில் பணம் போட்டிருந்த பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் 1907இல் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. 1969இல் அரசுடைமை ஆனது.

அந்த வங்கி 1995-96இல் காட்டிய நஷ்டம் 1,336 கோடி ரூபாய். பெரிய கடன்கள் மேலிடத்தில் முடிவாயின. கீழே இருந்தவர்கள் சொன்னதைச் செய்தார்கள். கடன்கள் மூழ்கி விசாரணை வந்தபின் எல்லாரையும் பயம் பிடித்தது. கொடுத்த கடன் வராவிட்டால் விளக்கம் கேட்பார்கள். கொடுக்காமலே இருந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். யார்தான் கையெழுத்துப் போடுவார்? கடனே கொடுக்காத வங்கிக்கு வட்டி எங்கிருந்து வரும்? 1999இல் வர்மா குழு, நலிந்த மூன்று பொதுத்துறை வங்கிகளில் ஒன்றாக இதைச் சொன்னது. மூடிவிடலாம் என்றுகூடப் பேச்சு அடிபட்டது.

2000இல் ரஞ்சனா குமார் தலைவராக வந்தார். அவர் வெறும் தட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. நஷ்டத்தில் ஓடிய கிளைகளை மூடினார். விருப்ப ஓய்வில் ஏராளமானோர் வெளியே போனார்கள். பல வீடுகளில் அது லேசான முடிவாக இருந்திருக்காது. ஆனால் வங்கியின் நிலைமையை ஊழியர்களிடம் மறைக்காமல் சொன்னார். சங்கங்களையும் உட்காரவைத்துப் பேசினார். மிச்சமிருந்தவர்கள் பழைய ஆட்கள்தானே? அவர்களை வைத்தே வாராக்கடனை வசூலித்தார். 2001-02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது.

அரசு கொடுத்த மூலதனமும், அப்போது வட்டிவிகிதம் இறங்கியதும் கைகொடுத்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பணம் மட்டும் வந்து, கையெழுத்துப் போடும் கை நடுங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூடலாம் என்று பேசப்பட்ட இந்த வங்கியோடுதான், 1865இல் பிறந்த அலகாபாத் வங்கியை 2020 ஏப்ரலில் இணைத்தார்கள்.

அந்த வருஷங்களில் அங்கே வேலை பார்த்தவர்கள் நம்மில் இருந்தால், கிளைக்குள் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள்.