கலப்பு சிமெண்ட்

போர்ட்லண்ட் கிளிங்கரின் ஒரு பகுதிக்கு ஈடாக அனல்மின் நிலைய உலர் சாம்பலோ இரும்பாலை ஊதுலைக் கசடோ சேர்த்து ஆக்கப்படும் சிமெண்ட். இந்தியத் தர அளவு: சாம்பல் 15–35%, கசடு 25–70%. அமெரிக்காவின் ஹங்ரி ஹார்ஸ் அணை (1953) சாம்பல் கான்கிரீட்டின் முன்னோடி.

கிளிங்கர் நீருடன் சேர்கையில் வெளிப்படும் சுண்ணாம்போடு சாம்பலின் சிலிக்கா மெல்ல வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கிறது. சோடியம் சல்பேட், சோடியம் சிலிக்கேட் போன்ற கிளர்வூட்டிகள் இவ்வினையை விரைவுபடுத்தும். கால்சியம் குளோரைடும் விரைவூட்டும். ஆனால் கான்கிரீட்டினுள் உள்ள இரும்புக் கம்பியை அரிப்பதால் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் போன்ற உப்புக்காற்றுக் கரைகளில் அது அறவே தவிர்க்கத்தக்கது.

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் இச்சிமெண்டின் தலையாய பயன், கடலுப்பு கம்பியை எட்டுவதைத் தாமதப்படுத்துவது. இந்தியத் தர விதி ஐஎஸ் 456 (2000) கலப்பு சிமெண்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்றுதலும், வறண்ட வெப்பச் சூழலில் 14 நாளும் பரிந்துரைக்கிறது. அதற்குமுன் நிறுத்தினால் மேற்பரப்பு காய்ந்து, துளைகள் அடைபடாமல் நின்றுவிடும்.